எண்பது வெள்ளி இடைவெளி

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலுள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் பணியாற்றுகிறேன். 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) 1,700 வெள்ளியாக உயர்ந்தது. யாருடைய சம்பளமும் குறையாத அந்த மாதத்தில்தான் எங்கள் பிரிவுக்கு மனக்குறைகள் அதிகம் வந்தன. புதிதாகச் சேர்ந்தவர்கள் 1,700 வாங்க, அதே வரிசையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் ஓர் அக்காவின் அடிப்படைச் சம்பளம் 1,780ஆகவே இருந்தது. 280 வெள்ளி இடைவெளி 80ஆகச் சுருங்கிவிட்டது.

அவர் சண்டை போடவில்லை. ஓவர்டைம் செய்வதை நிறுத்திக்கொண்டார். அவருடைய சம்பளத்தை மாதத்தின் 26 வேலை நாளால் வகுத்து, வந்ததை 8 மணி நேரத்தால் வகுத்து, ஓவர்டைமுக்கு ஒன்றரையால் பெருக்கினால் மணிக்கு 12 வெள்ளி 84 சென் வரும். மகளின் டியூஷன் செலவு அதில்தான் ஓடியது.

"ஏன்க்கா, உங்க காசையே விடுறீங்க?" என்று கேட்டேன்.

"போனா போகட்டும் தம்பி. நேத்து வந்த பிள்ளைங்களுக்கு வேலை கத்துக் கொடுத்ததே நான்தான். என்னை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

மேலாளர்கள் இதைப் பொறாமை என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1982இல் பொருளியலாளர் வெர்னர் குத்தும் அவருடைய இரு சகாக்களும் ஜெர்மனியில் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், ஒருவர் ஒரு தொகையைப் பங்கிட்டுச் சொல்வார். மற்றவர் ஏற்றால் இருவருக்கும் அந்தப்படி பணம் கிடைக்கும், மறுத்தால் இருவருக்குமே ஒன்றுமில்லை. ஆதாயம் ஒன்றையே பார்ப்பவர் எவ்வளவு அற்பமான பங்கையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் பின்னர் நடந்த பல ஆய்வுகளில், ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வந்தபோது ஏறக்குறைய பாதிப் பேர் மறுத்துவிட்டார்கள். அக்காவின் மறுப்பும் அந்த வகைதான்: தமக்கு நட்டம் என்று தெரிந்தே, நிர்வாகத்துக்கும் அது உறைக்கட்டும் என்று செய்தது. சரக்கு அனுப்பும் தேதி தள்ளிப்போன பிறகே பத்தாண்டு கடந்தவர்களுக்குச் சேவைப்படி கொடுப்பதைப் பற்றி மேலிடம் பேசத் தொடங்கியது. அதற்கு முன் நான் அனுப்பிய அட்டவணைகளை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

ஆனால் அந்த நியாய உணர்வுக்கும் ஒரு வேலி இருந்தது. குத்தகையாளர் வழியாக வரும் துப்புரவுப் பணியாளர்களில் சிலர் அக்கா அளவுக்கே நீண்ட காலம் அங்கே உழைத்தவர்கள். சேவைப்படிப் பட்டியலில் அவர்களைப் பற்றி நான் கேட்டபோது, அவர்கள் நம் கணக்கில் வரமாட்டார்கள் என்றார் மேலாளர். அக்காவிடம் சொன்னேன். அவரும், "அவங்க கம்பெனி வேற தம்பி" என்றார்.