ஒரே மலையைத் திரும்பத் திரும்ப வரைதல்

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு வாய்க்கவில்லை. நான் எவ்வாறு மாறி வந்திருக்கிறேன் என்பதற்கு என்னிடமுள்ள சாட்சி, இலங்கை மலையகத்தில் ஹற்றனுக்கு அருகே, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்து இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், இருந்தபடி எதிர்த் தேயிலை மலையையும் அதன் அடிவாரத்து லயங்களையும் பார்த்து வரைந்த நீர்வண்ண ஓவியங்கள்தாம். மலையும் ஒன்று, பார்க்கும் இடமும் ஒன்று; ஆதலால் ஓவியத்துக்கு ஓவியம் தெரியும் வேறுபாட்டில் மழைக்கும் வெயிலுக்கும் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக்கும் உரிய பங்கைக் கழித்துவிட்டால் எஞ்சுவது என்னுடையது.

பாடசாலைக் காலத்து ஓவியங்களில் மலை முழுவதும் ஒரே பச்சை. லயங்கள் நின்ற இடத்தில் மரங்களை வரைந்திருக்கிறேன். ஏன் என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால், அழகுக்காக என்றே மனமாரச் சொல்லியிருப்பேன். தோட்டத்துப் பிள்ளை என்று அறியப்படுவதற்கு நான் அஞ்சிய வயது அது என்பதை, அந்த மரங்களைப் பார்க்கும்போதுதான் இன்று புரிந்துகொள்கிறேன்.

கொழும்பில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய பின் வரைந்தவற்றில் அந்தப் பச்சை உடைந்துவிட்டது. கொழுந்தின் இளமஞ்சள் பச்சை, முற்றிய இலையின் கரும்பச்சை, கவ்வாத்து வெட்டிய மலையின் பழுப்பு என அவற்றைப் பிரித்துக் காட்டியவர், அந்த நிரைகளிலேயே கொழுந்தெடுத்த என் அம்மா. துருவேறிய தகரக் கூரைகளும் அப்போதுதான் தாளுக்கு வந்தன.

நீர்வண்ணம் இப்படிச் சாட்சி சொல்வதற்கு ஏற்ற ஊடகம் என்பது என் உறுதியான எண்ணம். எண்ணெய் வண்ணத்தில் முன்பு தீட்டியதை மூடிவிடலாம். இதிலோ அடிப்பூச்சு மேற்பூச்சின் ஊடாகத் தெரிந்துகொண்டே இருக்கும். வெண்மை பெரும்பாலும் தாளுடையது என்பதால் எதைத் தொடாமல் விடுவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பிரான்ஸில் எக்ஸ் நகருக்கு அருகிலுள்ள சாந்த் விக்துவார் மலையை 1906இல் இறக்கும் வரை மீண்டும் மீண்டும் வரைந்த ஓவியர் போல் செசான், தம் பிற்கால நீர்வண்ணங்களில் தாளின் பெரும்பகுதியை வெறுமையாகவே விட்டார். அவர் விட்டது, பார்த்துத் தேர்ந்து விட்ட இடம். நான் சிறுவயதில் விட்டது, பார்க்க மறுத்த இடம்.

இப்போதும் என் ஓவியங்களில் கொழுந்தெடுப்போர் தொலைவிலுள்ள வண்ணப் புள்ளிகளாகவே இருக்கிறார்கள். ஒரு முகம்கூட இல்லை. தொலைவுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள இனி மனம் ஒப்பவில்லை. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, தாள் ஒழுங்காகக் காயும் காலம் வந்ததும், இடுப்பில் படங்குத் துணி கட்டிக் கூடை மாட்டிய அம்மாவை எதிரே நிறுத்தி, அருகிலிருந்து வரையப் போகிறேன்.