சுவான்சோவில் உரலிழுத்த கண்ணன்

கையுவான் புத்தர் கோயிலின் நிலைப்படி உயரமானது. பழக்கத்தில் மிதிக்காமல் தாண்டினேன். எனக்குப் பின்னால் வந்த சீனப் பாட்டி, பேரன் படிமேல் ஏறி நிற்கப் போவதைப் பார்த்து அதட்டி, கையைப் பிடித்துத் தாண்ட வைத்தார். அவர் பேசிய ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. ஆனால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். எங்கள் வீட்டு வாசலில் என் அப்பத்தா ஆயிரம் முறை சொன்னதுதான்.

சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபுஜியன் மாகாணத்தில் இருக்கிறது சுவான்சோ. மகள் பக்கத்து நகரமான ஷியாமெனில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் சீனா வருவது முடிவானதும் அவளிடம் கேட்டது இந்த ஒரு ஊரைத்தான். பெருஞ்சுவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். சோங், யுவான் அரச வம்சங்களின் காலத்தில், அதாவது 10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை, உலகத்துக் கப்பல்களெல்லாம் வந்து நின்ற துறைமுகம் இது. அரபு வணிகர்கள் இதைச் 'சைத்தூன்' என்றார்கள். ஊரைச் சுற்றி நட்டிருந்த ஒரு செம்பூ மரத்தின் சீனப் பெயர்தான் அப்படி மருவியது என்கிறார்கள். அந்த மரம் வேறொன்றுமில்லை, நம் கல்யாண முருங்கை.

கையுவான் கோயில் 686இல் தோன்றியது. அந்த இடம் அப்போது ஒரு செல்வந்தரின் முசுக்கொட்டைத் தோட்டம். துறவி ஒருவர் கோயில் கட்ட நிலம் கேட்டாராம். இந்த மரத்தில் வெண்தாமரை பூக்கட்டும், தருகிறேன் என்றாராம் அவர். பூத்தது. அந்த முசுக்கொட்டை மரம் என்று ஒரு முதிய மரத்தை இன்றும் வேலியிட்டுக் காக்கிறார்கள். தலமரத்தைக் கும்பிடாமல் போக எனக்கு மனம் வராது. வேலிக்கு வெளியே நின்று கைகூப்பினேன்.

நாங்கள் போனது சீன மாதத்தின் 26ஆம் நாள். ஒவ்வொரு மாதமும் அன்றைக்குத்தான் இங்கே பெருங்கூட்டம். ஆலமரங்கள் நிழல் விரித்த கல்முற்றம் முழுக்க ஊதுவத்திப் புகை. மூன்று ஊதுவத்திகளைக் கொளுத்தி, இரு கையாலும் நெற்றிக்கு நேரே உயர்த்தி, மூன்று முறை குனிகிறார்கள். நானும் அப்படியே செய்தேன். பெரிய மண்டபத்தில் ஐந்து புத்தர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். நூறு தூண் மண்டபம் என்று பெயர், தூண்கள் 86. நம் ஆயிரங்கால் மண்டபங்களிலும் கணக்கு இப்படித்தானே.

அங்கே நிமிர்ந்து பார்க்க வேண்டும். தூண்களின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கியபடி, இறகு விரித்த பெண்கள் 24 பேர் பறக்கிறார்கள். எல்லாம் மரச் சிற்பங்கள். சிலர் கையில் பழம், சிலர் கையில் இசைக்கருவி. நம் கின்னரிகளின் தூர உறவு என்றே எனக்குப் பட்டது. அன்று மாலை ஊருக்குள் 'நான்யின்' கச்சேரி கேட்டபோது அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். நான்யின் இந்த ஊரின் பழைய சங்கீதம். பாடுபவரே மரத் துண்டுகளைத் தட்டித் தாளம் காட்டுகிறார். பிப்பா என்ற நரம்புக் கருவியை நிமிர்த்திப் பிடிக்காமல் மடியில் கிடையாகப் பிடித்து வாசிக்கிறார்கள். மெதுவாக, ஒரு சுரத்தை விட மனமில்லாமல் அடுத்ததற்குப் போகிற பாட்டு. பொருள் தெரியாமலே கண் கலங்கியது.

சரி, நான் வந்த காரணத்துக்கு வருகிறேன்.

பெரிய மண்டபத்தின் பின்புறத் தாழ்வாரத்தில் கருங்கல் போன்ற கல்லில் இரண்டு தூண்கள் தனித்துத் தெரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் பதினாறு பட்டைகள். நடுநடுவே சதுரம், சதுரத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் உருவம். மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, இங்க பாரும்மா, நரசிம்மர்!" மடியில் இரணியன். இன்னொரு வட்டத்தில் யானையைக் காக்க வந்த பெருமாள். அடுத்ததில் காளிங்கன் மேல் ஆடுகிறான் கண்ணன். அப்புறம் உரலோடு கட்டப்பட்ட பிள்ளை, இரண்டு மருத மரங்களுக்கு நடுவே தவழ்ந்து இழுக்கிறான். உள்ளங்கை கொள்ளும் உருவம்தான். முகம் தேய்ந்திருக்கிறது. ஆனாலும் அந்த இழுப்பு தெரிகிறது. நான் அதன் எதிரே எவ்வளவு நேரம் நின்றேனோ, மகள் போய்த் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

இந்தத் தூண்கள் இந்தக் கோயிலுக்காகச் செய்தவை அல்ல. ஊரில் இருந்த தமிழ் வணிகர்கள் எழுப்பிய கோயிலின் மிச்சம். 1368இல் யுவான் ஆட்சி முடிந்தபின் வெளிநாட்டார் குறைந்தார்கள், கோயில் பாழானது. அடுத்து வந்த மிங் வம்சத்தின் காலத்தில் புத்தர் கோயிலைப் புதுப்பித்தவர்கள் இந்தக் கற்களை எடுத்து வந்து வைத்தார்கள். மண்டபத்தின் முன்மேடைக் கீழ்வரியில் சிம்ம உடலும் மனித முகமுமாக எழுபதுக்கும் மேற்பட்ட பலகைகள் ஓடுகின்றனவே, அவையும் அங்கிருந்து வந்தவைதான். உடைத்துச் சாலை போட்டிருக்கலாம். புத்தருக்கு நேர் பின்னால் நிறுத்தினார்களே, அதற்காக அந்தப் பெயர் தெரியாத கொத்தர்களை மனதாரக் கும்பிட்டேன்.

1956இல் இந்த ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அதன் படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்தேன்; தூணருகே நின்று மெல்ல வாய்விட்டுப் படித்தேன். சகாப்தம் 1203, சித்திரை மாதம் சித்திரை நாள். அதாவது கி.பி. 1281. சம்பந்தப்பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்திகள் இங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்தார், 'செகசைகான் திருமேனிக்கு நன்றாக'. செகசைகான் என்பது அப்போது சீனத்தை ஆண்ட மங்கோலியரான குப்லாய்கான் என்கிறார்கள். கானின் நலம் வேண்டி, கானின் ஆணை பெற்று, ஒரு தமிழர் ஈசனை வைத்திருக்கிறார். கடைசி வரி மட்டும் சீன எழுத்தில். கடலில் மாதக்கணக்கில் வந்து இறங்கிய மனிதர், ஊரில் வீடு வாசல் ஆனதும் சுவாமிக்கும் ஓர் இடம் தேடியிருக்கிறார். என் மகள் ஷியாமென் வீட்டில் அலமாரியின் ஒரு தட்டை ஒழித்துப் படம் வைத்திருக்கிறாளே, அதுதானே இது.

முற்றத்தின் இருபுறமும் நிற்கும் எண்கோணக் கல்கோபுரங்களையும் சுற்றி வந்தோம். கிழக்கே இருப்பது 48 மீட்டர், மேற்கே இருப்பது அதைவிடச் சற்றே குறைவு. இரண்டும் 13ஆம் நூற்றாண்டில் கல்லால் எழுப்பியவை. 1604இன் பெரும் நிலநடுக்கத்திலும் விழாதவை. மேற்குக் கோபுரத்தில் கையில் வாளோடு ஒரு குரங்கு வீரன் இருக்கிறான். சீனர்கள் அவனைத் தங்கள் குரங்கரசன் கதையோடு சேர்த்துச் சொல்கிறார்கள். எனக்கு அனுமார் என்றே சொல்ல வாய் வந்தது.

மறுநாள் காலை செடியன் கிராமத்துக்குப் போனோம். ஊருக்குள் சின்னஞ்சிறு சன்னிதி. நான்கு கைகளோடு கல்லில் ஓர் அம்மன், இருபுறமும் தோழியர், காலடியில் அரக்கன். கிராமத்தார் அவளைச் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான்யின் என்று கும்பிடுகிறார்கள். பார்த்த கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் எல்லையில் இருப்பவளின் அதே அமர்வு. எதிரே பழத்தட்டு, ஊதுவத்திச் சாம்பல் நிறைந்த கலயம், துடைத்து வைத்த தரை. அந்த வணிகர்கள் போய் எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அவளைப் பட்டினி போடவில்லை இந்த மக்கள்.

பையிலிருந்த திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டு, "தாயே, நல்லாயிருக்கியா?" என்றேன். வேறொன்றும் வரவில்லை. சன்னிதியைப் பெருக்கிக்கொண்டிருந்த பாட்டி என் நெற்றியைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து இரு கையாலும் நீட்டினார். நானும் இரு கையால் வாங்கிக்கொண்டேன். வாசல் திண்ணையில் உட்கார்ந்து உரித்து, மகளும் நானும் பாதிப் பாதி சாப்பிட்டோம்.