திருப்பித் தட்டும் கடம்: ஐந்தாவது வாரம்

கடத்தை நாம் தட்டினால், அதே தாளத்தை அது தானாகத் திருப்பித் தட்ட வேண்டும். யோசனை இவ்வளவுதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தது இப்போது ஐந்தாவது வாரத்தில் நிற்கிறது. பத்துக்கு ஏழு தடவை ஒழுங்காகத் தட்டுகிறது. மீதி மூன்று தடவை அதன் இஷ்டம்.

கேட்டுத் திருப்பி வாசிக்கும் எந்திரம் புதிதில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கில் கில் வைன்பெர்க் குழுவினர் ஹைல் என்ற ரோபோவை 2006இலேயே முரசு வாசிக்க வைத்துவிட்டார்கள். அதற்குக் கைகள் உண்டு. கை செய்யும் அளவுக்கு எனக்குப் பொறுமையும் இல்லை, காசும் இல்லை. 12 வோல்ட் சொலினாய்டு (கரண்டு கொடுத்தால் ஒரு இரும்புத் தண்டைத் தள்ளும் கம்பிச் சுருள்) இரண்டு, இஎஸ்பி32 போர்டு (புரோகிராம் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர்) ஒன்று, பீசோ தகடு (அதிர்ந்தால் மின்சாரம் தரும்) இரண்டு, அவ்வளவுதான் சாமான். ஒலியைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் விட்டிருந்தால் ஒரு சாயங்கால வேலை. ஆனால் மண் அதிராமல் கடத்துக்கு என்ன இருக்கிறது?

கடம் வாங்க மானாமதுரைக்குப் பாசஞ்சர் ரயிலில் போனேன். அங்கத்திய மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடமோ அதற்கு வெகுகாலம் முன்பே பேர் வாங்கியது. சாதாரணப் பானையைவிடச் சுவர் தடிமன், தூக்கினால் கை இறங்கும்.

"கச்சேரிக்கா தம்பி?" என்றார் கடம் விற்ற அக்கா.

"இல்லக்கா. கரண்டு வச்சு தானாத் தட்டுற மாதிரி ஒன்னு செய்யப் போறேன்."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "கரண்டுக்கு எதுக்குச் சுருதி சேர்ந்த கடம்? இந்தா, இத எடுத்துட்டுப் போங்க" என்று ஓரத்தில் கிடந்த ஒன்றைத் தள்ளினார். சூளையிலிருந்து வந்த பிறகு கடத்தின் சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது. நினைத்த சுருதியில் நிற்காதது அப்படி ஓரத்துக்கு வந்துவிடும். பாதி விலைக்குக் கிடைத்தது. திரும்பும்போது ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். எதிர் சீட்டுக்காரர் மேளம் போட்டுக்கொண்டே வந்தார்.

முதல் தவறு, சொலினாய்டைக் கடத்தின் கழுத்திலேயே கிளாம்ப் போட்டு மாட்டியது. ஒவ்வொரு தட்டுக்கும் இரும்பு கடகடவென்று ஆடி, கடத்தின் சத்தத்தை அமுக்கியது. அதைக் கழற்றி பிளைவுட்டில் தனிச் சட்டம் அடித்தேன். கடம் வைக்கோல் பிரிமணையில் உட்காரும்; சட்டம் அதைத் தொடாமல் சுற்றி நிற்கும். அப்பத்தா பரணிலிருந்து எடுத்துத் தந்த பிரிமணை அது. வாங்கி வைத்திருந்த ரப்பர் வளையத்தைவிட நன்றாகவே அதிர்வை விடுகிறது.

இரண்டாவது தவறு மாஸ்ஃபெட்டில், அதாவது போர்டு சொல்கிறபடி சொலினாய்டுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்சில். கையில் இருந்த ஐஆர்எஃப்540 ரகத்தைப் போட்டேன். இஎஸ்பி32 தருவதோ 3.3 வோல்ட். அது முழுசாகத் திறக்கப் போதாமல் சொலினாய்டு சோம்பல் முறித்தது. டவுன் ஹால் ரோட்டில் ஐஆர்எல்இசட்44என் வாங்கி மாற்றியதும் சுறுசுறுப்பு வந்தது. சொலினாய்டின் சுருள் அணையும்போது எதிர்த்துத் தள்ளும் மின்சாரத்துக்கு, கரண்டை ஒரே திசையில் விடும் 1என்4007 டயோடு போட்டாக வேண்டும். அதைத் தலைகீழாகப் பத்த வைத்து ஒரு மாஸ்ஃபெட்டைச் சாகடித்ததை இங்கே சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

சரி, இனி சத்தத்துக்கு வருகிறேன். இதில்தான் இரண்டு வாரம் போனது.

சொலினாய்டு தட்டியது, ஆனால் கடம் பேசவில்லை. 'டப்' என்று செத்த சத்தம். கடத்தைக் குறை சொன்னேன், அக்காவைக் கூட மனசுக்குள் திட்டினேன். அப்புறம் போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: தண்டு போய் அடித்துவிட்டு அங்கேயே அழுத்திக்கொண்டு நிற்கிறது. மண் அதிரப் பார்க்கிறது, தண்டு விடமாட்டேன் என்கிறது. கரண்டு கொடுத்த நேரம் 40 மில்லி செகண்ட். 30, 20 என்று குறைத்தேன். 11க்கு வந்ததும் 'ணங்' என்று ஒரு சத்தம். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். 8க்குக் கீழே போனால் தண்டு கடத்தை எட்டுவதேயில்லை. கரண்டு நின்ற பிறகு மிச்ச தூரத்தைத் தண்டு தன் வேகத்திலேயே போய்த் தொட்டு, ஸ்பிரிங் இழுக்கத் திரும்பிவிட வேண்டும். அந்த இடம் என் சொலினாய்டுக்கு 11. உங்களுடையதற்கு வேறாக இருக்கும்.

அடுத்தது தண்டின் நுனி. வெறும் இரும்பு என்றால் எவர்சில்வர் பாத்திரம் விழுந்த மாதிரி கேட்கும். பென்சில் ரப்பர், சோழி, அரை அங்குல மரக்கட்டை எல்லாம் பார்த்தாயிற்று. கழுத்துப் பக்கத்துக்குப் பொருந்தியது புளியங்கொட்டை. ஒரு பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, எபாக்சி போட்டு ஒட்டினேன். நகம் பட்ட மாதிரி ஒரு கூர்மை வருகிறது. வயிற்றுப் பக்கத்துக்குப் பழைய ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய வட்டம். கடம் வாசிப்பவர்கள் கடத்தின் வாயைத் தங்கள் வயிற்றோடு அணைத்துக் கும்மென்று ஒரு கீழ்ச்சத்தம் எடுப்பார்களே, அது மட்டும் வரவில்லை. அதற்கு ஆள்தான் வேண்டும்.

கேட்கிற வேலை பீசோவுக்கு. ஓங்கித் தட்டினால் அந்தத் தகடு பல வோல்ட்டைக் கக்கும். அதனால் குறுக்கே ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர், கூடவே வோல்ட்டை 3.3க்கு மேல் ஏற விடாத ஜீனர் டயோடு. புரோகிராம் சத்தத்தைப் பதிவதில்லை. எந்தத் தகடு அதிகம் அதிர்ந்தது, முந்தைய தட்டுக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி, இந்த இரண்டை மட்டும் குறித்துக்கொள்கிறது. 800 மில்லி செகண்ட் அமைதி வந்தால், முறை தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு கூத்து. தான் தட்டுவதையும் அது கேட்கும் என்பதை மறந்துவிட்டேன். ஒரு நாள் ராத்திரி அணைக்காமல் படுத்துவிட்டேன். ரெண்டு மணிக்கு எதுவோ கதவு அடித்திருக்கிறது. கடம் ஒரு தட்டுப் பதில் சொல்லி, அந்தப் பதிலையும் அதன் ரீங்காரத்தையும் கேட்டு இரண்டாகச் சொல்லி, அதைக் கேட்டு மூன்றாக... 64 தட்டு வரைதான் இடம் ஒதுக்கியிருந்தேன். அதைத் தாண்டியதும் போர்டு ரீஸ்டார்ட் ஆகி அடங்கிவிட்டது. காலையில் மாடி வீட்டு அண்ணன், "என்னப்பா, நைட்டு கொத்தனார் வேலையா?" என்றார். இப்போது தட்டும்போது காதை மூடிக்கொள்கிறது. கடைசித் தட்டுக்குப் பிறகும் 150 மில்லி செகண்ட் மூடியே வைத்திருக்கிறது.

போன ஞாயிறு அப்பத்தாவிடம் காட்டினேன். தகதிமி, தகிட என்று நான் தட்டிக் காட்டியது அதற்குச் சரியாக வந்தது. அப்பத்தா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்மி அடிக்கிற கையால் ஒரு வரிசை தட்டினார். நடுவில் ஒரு வெற்றிடம் விட்டு, திரும்பப் பிடிக்கிற தாளம். அந்த வெற்றிடம் 800ஐத் தாண்டிவிட்டது போல. அவர் முடிப்பதற்குள் கடம் நடுவில் புகுந்து தட்டியது.

"பெரியவங்க பேசயில குறுக்க பேசுது பாரு" என்று கடத்தின் கழுத்தில் ஒரு தட்டு வைத்தார். அதற்கும் ஒரு தட்டுப் பதில் வந்தது.

நேரத்தை 1200 ஆக்கிப் பார்த்தேன். அப்பத்தாவுக்குச் சரி, எனக்கு மந்தமாக இருக்கிறது. தட்டுகிறவரின் வேகத்தைப் பார்த்து அதுவே காத்திருக்கும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். முதல் நான்கு இடைவெளியின் சராசரியைப் போல மூன்று மடங்கு என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். அப்பத்தா திருப்பரங்குன்றம் போயிருக்கிறார். வந்ததும் உட்கார வைத்துத் தட்டச் சொல்ல வேண்டும்.