தீர்ப்புக்குப் பிறகு கோப்பு யார் கையில்?

குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, தன்னைச் சிறைக்கு அனுப்பிய சான்றுப் பொருட்களை இன்னொரு முறை பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு கைதி கேட்டால், அவற்றைத் தரும் கடமை காவல்துறைக்கு உண்டா? இந்தக் கேள்விக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2014 ஜூன் மாதம் விடை சொன்னது. படிக்கும்போது குறை காண முடியாத விடையாகவே அது தோன்றுகிறது. அதற்குப் பின் நடந்தவற்றை அருகில் வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் புரிகிறது.

வழக்கைத் தொடுத்தவர் கெவின் நன். சஃபோக் பகுதியில் 2005-ல் தன் முன்னாள் துணைவியைக் கொன்றதாக 2006-ல் ஆயுள் தண்டனை பெற்றவர். தான் நிரபராதி என்று சொல்லிவந்தவர். விசாரணைக் கோப்புகளையும், இன்றைய முறைகளில் மீண்டும் சோதிப்பதற்காகத் தடயவியல் மாதிரிகளையும் அவர் கேட்டார். சஃபோக் காவல்துறை மறுத்தது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டன.

தீர்ப்பை எழுதிய ஹியூஸ் பிரபுவின் வாதம் இதுதான். விசாரணைக்கு முன்பு, குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவக்கூடிய எதையும் அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது. ஏனென்றால் அப்போது அவர் நிரபராதி என்றே கருதப்படுகிறார். தண்டனைக்குப் பிறகு அந்த நிலை மாறிவிடுகிறது. தீர்ப்பின் மீது ஐயம் எழுப்பும் தகவல் புதிதாகத் தெரியவந்தால் அதைக் காவல்துறை தானாகவே தெரிவிக்க வேண்டும். மேலும் விசாரித்தால் தீர்ப்பை அசைக்கும் ஏதாவது கிடைக்கும் என்ற மெய்யான வாய்ப்பு இருந்தால் அந்த விசாரணைக்கு ஒத்துழைக்கவும் வேண்டும். அதற்கு மேல் கடமை இல்லை. காவல்துறை மறுத்தால், தவறான தண்டனை என்று ஐயம் எழும் வழக்குகளை ஆராய்ந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பும் குற்ற வழக்குகள் மறு ஆய்வு ஆணையத்திடம் கைதி போகலாம். எந்தப் பொது அமைப்பின் கோப்பையும் கேட்டுப் பெறும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு.

காவல்துறையின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு கைதியும் ஒவ்வொரு பெட்டியையும் திறக்கச் சொன்னால், இன்றைய குற்றங்களை விசாரிக்க ஆள் இருக்காது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் வழக்கு முடிந்தது என்ற நிம்மதி வராது. ஆனால் ‘மெய்யான வாய்ப்பு’ இருப்பதைக் காட்டக் கோப்பு வேண்டும். கோப்பைப் பெற மெய்யான வாய்ப்பைக் காட்ட வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கும் பொறுப்பை நீதிமன்றம் முழுக்க முழுக்க ஆணையத்தின் தலையில் வைத்தது. ஆணையம் தவறினால் என்ன ஆகும் என்பதை ஆண்ட்ரூ மால்கின்சன் வழக்கு காட்டியது.

கிரேட்டர் மான்செஸ்டரில் 2003-ல் நடந்த பாலியல் வன்முறைக்காக 2004-ல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவரைக் குற்றத்தோடு இணைக்கும் தடயவியல் சான்று எதுவும் இல்லை. அடையாளம் காட்டிய சாட்சிகளை நம்பியே தண்டித்தார்கள். செய்யாததை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று நின்றதால், குறைந்தபட்சக் காலம் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தும் வெளிவர முடியாமல் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார். இதற்கிடையில், பழைய வழக்குகளின் மாதிரிகளை 2007-ல் மீண்டும் பரிசோதித்தபோது, பாதிக்கப்பட்ட பெண்ணின் ஆடையில் வேறொரு ஆணின் டிஎன்ஏ கிடைத்திருந்தது. 2009-க்குள் காவல்துறைக்கும் அரசு வழக்கு நடத்தும் துறைக்கும் அது தெரியும். மால்கின்சன் அந்த ஆண்டே ஆணையத்தை நாடினார். ஆணையம் மேற்கொண்டு சோதனை எதுவும் நடத்தாமல், காவல்துறைக் கோப்புகளை முழுமையாக வரவழைக்காமல், 2012-ல் விண்ணப்பத்தைத் தள்ளியது. 2020-ல் மறுபடியும் தள்ளியது.

கோப்புகளை வெளியே கொண்டுவந்தது ‘அப்பீல்’ என்ற சிறிய தொண்டு நிறுவனம். அதற்கும் காவல்துறையை எதிர்த்து நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அந்தப் பெண் தன்னைத் தாக்கியவனின் முகத்தில் ஆழமாகக் கீறியதாகச் சொல்லியிருந்தார். மறுநாள் மால்கின்சனைப் பார்த்தவர்கள் யாரும் கீறல் எதையும் காணவில்லை. அந்தப் பெண்ணின் சொல்லுக்கு வலுச் சேர்க்கும் அவர் கைப் புகைப்படங்கள் காவல்துறைக் கோப்பில் இருந்தும் மால்கின்சன் தரப்புக்குக் கொடுக்கப்படவில்லை. முக்கிய சாட்சிகள் இருவர் நேர்மையற்ற குற்றங்களுக்காக முன்பே தண்டிக்கப்பட்டவர்கள் என்பதும் மறைந்தே கிடந்தது. இவை புதிய அறிவியல் கண்டுபிடித்தவை அல்ல. முதல் நாளிலிருந்து அலமாரியில் இருந்த தாள்கள். கைதி தானே பார்த்திருந்தால் ஒரு மாலைப்பொழுதில் கண்டுபிடித்திருப்பார்.

அந்தப் பெண்ணின் உடைகளின் கதை இன்னும் மோசம். தண்டனை பெற்றவர் விடுதலையாகும் வரை சான்றுப் பொருட்களைக் காக்க வேண்டும் என்று விதி இருந்தும், காவல்துறை அவற்றை அழித்துவிட்டது. அவற்றிலிருந்து எடுத்த மாதிரிகள் தடயவியல் காப்பகம் ஒன்றில் எஞ்சியிருந்தன. 2022-ல் அந்த டிஎன்ஏ வேறொருவருடன் பொருந்தியது; 2023 ஜூலை 26 அன்று தண்டனை ரத்தானது. கிறிஸ் ஹென்லி என்ற வழக்கறிஞர் 2024-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஏறத்தாழ பத்தாண்டுகள் முன்பே அவர் விடுபட்டிருக்க முடியும் என்றது. ஆணையத்தின் தலைவர் 2025 ஜனவரியில் பதவி விலகினார்.

ஒரு வழக்கை வைத்து முடிவு செய்யலாமா என்று கேட்கலாம். பீட்டர் சல்லிவன் 1987-ல் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவர். மாதிரிகளிலிருந்து டிஎன்ஏ கிடைக்க வாய்ப்பில்லை என்ற காரணத்தால் 2008-ல் ஆணையம் அவர் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. அதே மாதிரிகள் பின்னர் இன்னொருவரின் டிஎன்ஏவைத் தந்தன. 2025 மே மாதம், முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, தண்டனை ரத்தானது.

அமெரிக்காவில் இதே கேள்வி வேறு வழியில் போனது. அலாஸ்காவின் வில்லியம் ஆஸ்போர்ன், சோதனைச் செலவைத் தானே ஏற்பதாகச் சொல்லியும், டிஎன்ஏ பரிசோதனை கேட்பது அரசியலமைப்பு உரிமை ஆகாது என்று 2009-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதை மாநிலச் சட்டங்களுக்கு விட்டார்கள். இன்று ஐம்பது மாநிலங்களிலும் சட்டம் உண்டு. அந்தச் சட்டங்களின் நிபந்தனைகள் கடுமையானவைதான். இருந்தாலும் கைதி ஒரு நீதிபதியின் முன் மனுப் போட முடிகிறது. இங்கிலாந்துக் கைதிக்கு இல்லாதது அதுதான் என்பேன்: அவர் காவல்துறைக்குக் கடிதம் எழுதலாம், ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம், இருவரும் மறுத்தால் அந்த மறுப்பு சட்டத்துக்கு முரணானது என்று நிரூபிக்க மட்டுமே வழக்குப் போடலாம்.

மேல்முறையீட்டுச் சட்டத்தை ஆராய்ந்துவரும் இங்கிலாந்தின் சட்ட ஆணையம் (சட்டச் சீர்திருத்தங்களைப் பரிந்துரைக்கும் வேறோர் அமைப்பு) 2025-ல் வெளியிட்ட கருத்துக்கேட்பு அறிக்கையில், தண்டனைக்குப் பிந்தைய சான்றுப் பொருட்களைக் காப்பதும் அணுகுவதும் விவாதப் பொருளாகியுள்ளன. என்னைக் கேட்டால், குறிப்பிட்ட பொருளைக் குறிப்பிட்ட சோதனைக்காகக் கைதி கேட்கும்போது, ஏன் தரக்கூடாது என்பதைக் காவல்துறைதான் ஒரு நீதிபதியிடம் எழுத்தில் விளக்க வேண்டும். பொருள் அழிந்துவிட்டது என்றால், யார் உத்தரவில், எந்தத் தேதியில் அழிந்தது என்பதும் அந்த விளக்கத்தில் இருக்க வேண்டும்.