பிளாட்டினம் எங்கிருந்து வந்தது: ஆய்வுக்கூட நாட்குறிப்பு

2025 மார்ச் 3, திங்கள்

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வைத்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தில், பிளாட்டினத்துக்குப் பதிலாக வைக்க ஓர் இரும்பு வினையூக்கியைச் செய்துபார்க்கிறோம். குழாய் உலையிலிருந்து அதன் புதிய தூளை எடுத்தோம். போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். மற்றதெல்லாம் ஆர்கான் வாயுவோடு போய்விட்டது.

ஆரம்பத்தில் இது வெள்ளைப் படிகம். துத்தநாக அயனிகளை இமிடசோல் மூலக்கூறுகள் இணைத்த ஒரு சட்டகம், அதில் இடையிடையே கொஞ்சம் இரும்பு. 1000 டிகிரி செல்சியஸில் வைத்தால் சட்டகம் கருகிக் கார்பனாகிறது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். அது ஆவியாகி வெளியேறிய வழியெல்லாம் நுண்துளைகள். எல்லாம் சரியாக அமைந்தால், கார்பன் தளத்தில் தனித்தனி இரும்பு அணுக்கள் நிற்கும், ஒவ்வொன்றையும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் பிடித்துக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் வந்து உட்காரும் இடம் அதுதான். இதைப் பல முறை செய்துவிட்டேன். ஆனாலும் உலைக்குழாயைத் திறக்கும்போது எனக்குக் கை கொஞ்சம் படபடக்கும்.

இனி அமிலக் கழுவல். தனி அணுவாக நிற்காமல் உருண்டு திரண்ட இரும்பு கரைந்து போக வேண்டும். பிறகு இன்னொரு முறை உலை.

2025 மார்ச் 6, வியாழன்

மை தயார். தூள், நீர், ஐசோபுரொப்பனால், தூளை ஒட்டவைக்கச் சில துளி நாஃபியான் பாலிமர். மீயொலித் தொட்டியில் பனிக்கட்டி போட்டு ஒரு மணி நேரம். கண்ணாடிக் கார்பன் வட்டில் சொட்டு வைத்தபோது ஓரத்தில் வளையம் கட்டாமல் சீராகக் காய்ந்தது. படலம் சீராக இல்லாவிட்டால் அதற்கப்புறம் எடுக்கும் எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை.

0.1 மோலார் பெர்குளோரிக் அமிலம், ஆக்சிஜன் நிறைத்தது, வட்டு நிமிடத்துக்கு 1600 முறை சுழலும். அரை அலை மின்னழுத்தம், அதாவது மின்னோட்டம் தன் உச்சத்தில் பாதியைத் தொடும் புள்ளி, 0.78 வோல்ட். இது உயர உயர நல்லது. பிளாட்டினம் இல்லாத பொருளுக்கு, அதுவும் அமிலத்தில், இது நல்ல எண்.

புதிதாகச் சேர்ந்த மாணவி கேட்டாள்: “பிளாட்டினம்தான் நல்லா வேலை செய்யுதே மேம், ஏன் அதை விடணும்?” நியாயமான கேள்வி. 1839இல் வில்லியம் குரோவ் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வைத்து மின்சாரம் எடுத்தபோதே அவர் கையில் இருந்தது பிளாட்டினத் தகடுதான். இன்று வரை அமில எரிபொருள் கலங்கள் அதைத் தாண்டவில்லை. ஹைட்ரஜன் பக்கம் பெரிய சிக்கல் இல்லை, மிகக் கொஞ்சம் பிளாட்டினமே போதும். ஆக்சிஜன் பக்கம்தான் பாடு. நான்கு எலக்ட்ரான், நான்கு புரோட்டான், நடுவே ஒரு வலுவான பிணைப்பு உடைய வேண்டும். கோட்பாட்டின்படி 1.23 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில், நல்ல பிளாட்டினத்தை வைத்தும் 0.3 வோல்ட்டுக்கு மேல் இழக்கிறோம். அந்த இழப்பைச் சமாளிக்கத்தான் இத்தனை பிளாட்டினத்தைக் கொட்டுகிறோம். பூமியில் அரிதான உலோகம், வெட்டியெடுப்பதில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில். 1964இல் ஜாசின்ஸ்கி என்ற ஆய்வாளர், நைட்ரஜன் அணுக்கள் நடுவே கோபால்ட்டைப் பிடித்திருக்கும் கோபால்ட் தாலோசயனின் ஆக்சிஜனை ஒடுக்கும், அதாவது அதற்கு எலக்ட்ரான் கொடுக்கும் என்று காட்டியதிலிருந்து, நைட்ரஜன் பிடியில் இருக்கும் மலிவான உலோகம் என்ற நம்பிக்கை எங்களை விடவில்லை.

2025 மார்ச் 7, வெள்ளி

நீடிப்புச் சோதனை தொடங்கியது. மின்னழுத்தத்தை 0.6 வோல்ட்டுக்கும் 1.0 வோல்ட்டுக்கும் இடையே ஏற்றி இறக்குவது ஒரு சுற்று, அப்படி 5000 சுற்று. 22 மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

2025 மார்ச் 10, திங்கள்

அரை அலை 0.81. இறங்க வேண்டியது ஏறியிருக்கிறது!

மாணவர்கள் எல்லாரும் திரையைச் சுற்றி நின்றார்கள். மூத்த மாணவி இந்தப் பொருளோடு மூன்று ஆண்டு மல்லுக்கட்டியவள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷம்தான், மறைக்க விரும்பவில்லை. சுற்றச் சுற்ற நன்றாகும் இரும்பு வினையூக்கி! துளைகள் நனைந்து புதிய மையங்கள் திறந்தனவோ, மேற்பரப்பில் மிச்சமிருந்த குப்பை கழன்றதோ என்று விளக்கங்களைக்கூடத் தேட ஆரம்பித்துவிட்டோம்.

2025 மார்ச் 11, செவ்வாய், விடியற்காலை

தூக்கம் வரவில்லை. இரும்பு இந்த அமிலத்தில் கரைய வேண்டும். ஆக்சிஜன் பாதி ஒடுங்கி உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு, கரைந்த இரும்போடு சேர்ந்து கார்பனை அரிக்க வேண்டும். இதுவரை செய்த ஒவ்வொரு தொகுதியும் அப்படித்தான் தேய்ந்தது. இது மட்டும் ஏன் ஏறுகிறது?

அப்போதுதான் கலம் கண்முன் வந்தது. போன மாதம் கவுண்டர் மின்முனையின், அதாவது வட்டுக்கு எதிர்ப்பக்கம் மின்சுற்றை முடிக்கும் முனையின், கிராஃபைட் தண்டு உடைந்தது. அவசரத்துக்குப் பிளாட்டினக் கம்பியைப் போட்டேன். போட்டது நான்தான். அதையும் தனி அறையில் வைக்காமல், அதே கரைசலில்.

வட்டில் ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கும்போது, அதே அளவு எலக்ட்ரானைக் கவுண்டர் பக்கம் எதுவோ இழந்தாக வேண்டும். அதற்காகக் கம்பி நீரைப் பிளக்கும் அளவுக்கு உயர்ந்த மின்னழுத்தத்துக்குப் போகும். அங்கே அமிலத்தில் பிளாட்டினம் மெல்லக் கரையும். மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைத்த ரெஃபரன்ஸ் மின்முனையிலிருந்து குளோரைடு துளி கசிந்தால் இன்னும் வேகமாகக் கரையும். கரைந்த அயனி எங்கே போகும்? சுழலும் வட்டின் வேலையே கரைசலைத் தன் பக்கம் இழுப்பதுதான். 22 மணி நேரம் இழுத்திருக்கிறது. அப்படியானால் படலத்தில் பிளாட்டினம் படிந்திருக்கும், ஏறிய எண் அதன் வேலையாக இருக்கும்.

2025 மார்ச் 12, புதன்

யாரிடமும் எதுவும் முடிவாகச் சொல்வதற்கு முன் சோதித்தோம். ஆக்சிஜனை ஆர்கானால் வெளியேற்றிவிட்டு, மின்னழுத்தத்தைப் பூச்சியத்துக்குக் கீழே இறக்கினோம். புதிய படலத்தில் ஹைட்ரஜன் வெளிவர நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் கூடுதலாகத் தள்ள வேண்டியிருந்தது. 5000 சுற்று ஓடிய படலத்திலோ பூச்சியத்தைத் தொட்டதுமே ஹைட்ரஜன் வெளிவரத் தொடங்கி, மின்னோட்டக் கோடு செங்குத்தாகக் கீழே போனது. இரும்பு மையங்கள் அப்படி நடந்துகொள்ளாது. பிளாட்டினம் நடந்துகொள்ளும்.

மாலையில் புகைபோக்கிக் கூண்டுக்குள் கார்பன் மோனாக்சைடு சோதனை, எச்சரிக்கைக் கருவி அருகிலேயே. இந்த வெப்பநிலையில் இரும்பு மையங்களை அது அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, பிளாட்டினத்தை மூடிவிடும். ஓடிய படலத்தில் 0.8 வோல்ட் அருகே அது ஆக்சிஜனேற்றமாகிக் கழலும் சிகரம் தெளிவாக வந்தது. புதிய படலத்தில் ஒன்றுமில்லை.

மூத்த மாணவி நீண்ட நேரம் பேசவில்லை. கம்பியைப் போட்டது நான் என்று அவளிடம் சொன்னேன்.

2025 மார்ச் 14, வெள்ளி

கரைசலை, மிகச் சிறு அளவு உலோகத்தையும் கண்டுபிடிக்கும் பிளாஸ்மா நிறமாலைமானிக்கு அனுப்பியிருந்தோம். பிளாட்டினம் இருக்கிறது. கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில்தான், ஆனால் வட்டின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு அது போதும்.

கண்ணாடிக் கலம் முழுதும், பிளாட்டினத்தையும் கரைக்கும் இராஜ திராவகத்தில். பிறகு தூய நீரில் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்தோம்.

2025 மார்ச் 18, செவ்வாய்

புதிய கிராஃபைட் தண்டு. வேறெந்தக் கலத்திலும் பிளாட்டினத்தோடு இருந்ததில்லை என்று உறுதியானது. நுண்துளைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வைத்தோம். குளோரைடு இல்லாத ரெஃபரன்ஸ். புதிய படலம், அதே 5000 சுற்று.

தொடக்கம் 0.78. முடிவு 0.74.

“அப்போ முதல்ல எடுத்த 0.78 நம்மளோடதுதானே மேம்?” என்றாள் மூத்த மாணவி. ஆமாம். அது இரும்பின் எண்தான். அது தேய்ந்து 0.74 ஆனதும் இரும்பின் எண்தான். இதைச் சொன்னபோது 0.81ஐப் பார்த்த அன்றைவிட எனக்கு மனம் லேசாக இருந்தது. 0.81 நிஜமென்று நம்பி வேறொரு குழு இதே பொருளின் பின்னால் ஆண்டுக்கணக்கில் அலைந்திருக்கலாம்.

2025 மார்ச் 21, வெள்ளி

கம்பி மாட்டிய நாளிலிருந்து எடுத்த எல்லா நீடிப்புத் தரவுகளும் மறுபடி எடுக்க வேண்டும். மொத்தம் ஏழு தொகுதி. மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக் காரணத்தையும் எழுதினேன்.

நாற்பது மில்லிவோல்ட் எங்கே போகிறது என்பதுதான் இனிக் கேள்வி. இரண்டு படலம், ஒரே மை. ஒன்று ஆர்கானில், ஒன்று ஆக்சிஜனில், அதே சுற்றுகள். ஆக்சிஜனில் ஓடுவது அதிகம் தேய்ந்தால் பெராக்சைடு மேல் சந்தேகம் வலுக்கும். இரண்டும் ஒரே அளவு தேய்ந்தால் இரும்பு அமிலத்தில் வெறுமனே கரைகிறது என்று பார்க்க வேண்டும். ஆர்கான் படலம் மாலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கியது. கவுண்டர் எது என்று குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதியிருக்கிறாள் புதிய மாணவி.