ஆட்காட்டிக்கு ஆட்டத்தில் என்ன வேலை?

மூக்கை நுழைப்பதற்கு ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. எனக்குப் பிடித்தது ‘கிபிட்ஸ்’. ஆட்டத்தில் உட்காராமல், பக்கத்தில் நின்றுகொண்டு யோசனை சொல்வது. யாரும் கேட்காமலே சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம்.

பினாங்கில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே சாயங்காலமானால் கேரம் நடக்கும். ஆடுகிறவர்களைவிடச் சுற்றி நிற்கிறவர்கள்தான் அதிகம். அவர்களில் ஒரு அங்கிள். பொட்டலம் கட்டிய தே ஓ ஐஸ், அதாவது பாலில்லாத ஐஸ் டீ, அவர் விரலில் கயிற்றோடு தொங்கும். “சிவப்பை விடு தம்பி. ஃபாலோ எங்க இருக்கு? அந்த வெள்ளையை முதல்ல தட்டு லா.” தம்பி கேட்கமாட்டான். சிவப்பைப் போடுவான், அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காய் தவறும், சிவப்பு மறுபடி நடுவுக்கே வந்துவிடும். அப்போது அங்கிள் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஸ்ட்ராவை உறிஞ்சும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

யிட்டிஷ் பேசிய யூதர்கள் வழியாக 1920களில் அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்த சொல் இந்தக் ‘கிபிட்ஸ்’. யிட்டிஷுக்கு ஜெர்மனிலிருந்து வந்தது. அங்கே ‘கீபிட்ஸ்’ என்பது ஒரு பறவை, கத்தும் சத்தமே பெயராகிவிட்டது. சீட்டாட்டத்தை எட்டிப் பார்த்து நிற்கிற ஆளையும் ஜெர்மானியர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பறவைக் குடும்பம் நமக்கும் தெரிந்ததுதான். பினாங்குக்கு வடக்கே வயல்பக்கம் போனால் சிவப்பு மூக்குக்காரன் ஒருவன் ஆளைக் கண்டதும் கத்தி ஊரைக் கூட்டுவான். நம் ஆட்கள் வைத்த பெயர் ஆட்காட்டி. ஜெர்மானியர் சத்தத்தைக் கேட்டுப் பெயர் வைத்தார்கள், நாம் குணத்தைப் பார்த்து வைத்திருக்கிறோம். எனக்கென்னவோ நம்முடையதுதான் அங்கிளுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

‘இண்டர்ஃபியர்’ அவருக்குச் சரிவராது. பழைய பிரெஞ்சில் அது ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது. ஆங்கிலத்திலும் குதிரை நடக்கும்போது ஒரு கால் இன்னொரு காலில் இடிப்பதைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். அங்கிள் யாரையும் இடிப்பதில்லை. ஆள் குறைந்தால் அவரை உட்காரச் சொல்வார்கள்.

“நீங்க ஆடுங்க லா, நான் பார்க்கிறேன்” என்று இரண்டடி பின்னால் போய்விடுவார். அங்கிருந்தும் வாய் ஓயாது. “அந்த மூலை, அந்த மூலை!”