தேக்காவில் ட்ரூமன்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசை அண்ணன் கேட்டார்: "நம்ம அதிபர் எத்தனை தடவை நிக்கலாம்?" ஒரு தவணை 6 ஆண்டு, எத்தனை தவணை என்று வரம்பில்லை என்றேன். நம்பவே இல்லை. முன்னாள் அதிபர் எஸ்.ஆர். நாதன் 12 ஆண்டு இருந்து, 2011இல் போதும் என்று தானே விலகியதைச் சொன்னேன்.

அமெரிக்காவில் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 4 முறை ஜெயித்த பிறகுதான், 1951இல் இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கத் தடை வந்தது. அப்போது பதவியில் இருந்த ட்ரூமனுக்கு மட்டும் விலக்கு. ஆனாலும் 1952இல் ஒதுங்கிவிட்டார். மக்கள் ஆதரவு அதலபாதாளத்தில் இருந்தது, வேறென்ன செய்வார்! இன்று வரலாற்றாசிரியர்கள் அவரை முன்வரிசையில் வைக்கிறார்கள். பாவம், மனிதர் 1972இலேயே போய்விட்டார்.

"அப்ப செத்தப்புறம்தான் நல்ல பேரா?" என்ற அண்ணன், என் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.